ஜார் காலத்து நினைவு ரூபிள்: விளிம்பில் தொடங்கி விலை வரை

பழைய ரஷ்ய வெள்ளி நாணயம் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதிலுள்ள முகத்தை. போலி செய்பவரும் தன் உழைப்பையெல்லாம் அங்கேதான் கொட்டியிருப்பார். அதனால் முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விளிம்பு, அடுத்து எடை, பிறகு அடர்த்தி. இந்த மூன்றிலும் தேறினால்தான் படத்தையும் எழுத்தையும் பார்ப்பதில் பொருள் உண்டு. விளிம்பு என்று இங்கே சொல்வது நாணயத்தை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினால் தரையைத் தொடும் அந்தச் சுற்றுப்பட்டையை.

தேவையான கருவிகள் குறைவு: 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கும் லூப், சிறிய ஆனால் வலுவான நியோடிமியம் காந்தம், ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கு. குழல் விளக்கு உதவாது. அது வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் மெல்லிய கீறல்கள் கண்ணில் படாமல் போகும்.

விளிம்பு சொல்லும் செய்தி

1886 முதல் அடித்த ரூபிள்களின் விளிம்பில் உள்குழிந்த எழுத்தில் ஒரு வாசகம் சுற்றி ஓடும். படித்தால் 'சிஸ்தவோ செரிப்ரா 4 ஸொலத்னிகா 21 தோல்யா' என்று வரும். 'தூய வெள்ளி 4 ஸொலத்னிக் 21 தோல்யா' என்பது பொருள். ஸொலத்னிக் பழைய ரஷ்ய எடை அளவு, 4.266 கிராம். அதில் 96இல் ஒரு பங்கு தோல்யா. கணக்குப் போட்டால் 405 தோல்யா, அதாவது 18 கிராமுக்கு இம்மி குறைவான தூய வெள்ளி. நாணயத்தின் மொத்த எடை 20 கிராம், வெள்ளித் தரம் 900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. ஆக, அந்த வாசகம் வெறும் அலங்காரமல்ல. தராசில் வைத்துச் சரிபார்க்கக்கூடிய வாக்குமூலம்.

1885 வரையிலான ரூபிள்கள் வேறு கணக்கில் அடிக்கப்பட்டவை. தரம் 868 (ரஷ்யக் கணக்கில் 96இல் 83⅓ பங்கு), மொத்த எடை 4 ஸொலத்னிக் 82 14/25 தோல்யா, அதாவது 20.73 கிராம். அவற்றின் விளிம்பில் இந்த மொத்த எடையே குறிக்கப்பட்டிருக்கும். எடை கூடினாலும் தரம் குறைவு என்பதால் தூய வெள்ளி இங்கேயும் அதே 18 கிராம்தான். 1859ஆம் ஆண்டு நாணயம் 20.00 கிராம் காட்டினால் "ரூபிளின் எடைதானே" என்று திருப்திப்படாதீர்கள். அந்த ஆண்டுக்கு அது பொருந்தாத எடை.

வாசகம் முடியும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து இருக்கும். நாணயச்சாலை மேலாளரின் பெயர் முதலெழுத்துகள் அவை. 1896இல் அப்பலோன் கிராஸ்கோஃப்: முதல் எழுத்து ஆங்கில ஏ போலவும், அடுத்தது தலைகீழாக நிறுத்திய எல் போலவும் தெரியும். 1912இல் எலிக்கும் பபாயன்ட்ஸ்: முதல் எழுத்து, திருப்பிப்போட்ட சி ஒன்றின் நடுவில் கோடு இழுத்தது போல. 1913இல் விக்தோர் ஸ்மிர்னோஃப்: பார்வைக்கு ஆங்கில பி (B), சி (C). முகத்தில் 1896 இருக்க, விளிம்பில் 1913இன் எழுத்து இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். வெவ்வேறு நாணயங்களின் அச்சை ஒட்டவைத்தவர் செய்த பிழை அது. போலிகளில் இது அடிக்கடி நடக்கும். ஒரே விளிம்புப் பட்டையை வைத்துக்கொண்டு எல்லா ஆண்டுகளையும் அடித்துத் தள்ளுவார்கள்.

எழுத்துக்கூட்டும் சாட்சி சொல்லும். விளிம்பின் முதல் சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளில் முதலில் வருவது ஆங்கில ஏ வடிவ எழுத்தாக இருக்க வேண்டும். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அந்த இடத்தில் 'ஓ' வந்தது. அதேபோல் பழைய எழுத்துமுறையில் மெய்யெழுத்தில் முடியும் சொற்களின் இறுதியில் ஒலியில்லாத கடினக்குறி ஒன்று நிற்கும். 'இம்பெராதோர்' என்ற சொல் அந்தக் குறி இல்லாமல் முடிந்தால், பள்ளியில் புதிய ரஷ்ய மொழி படித்த ஒருவர் உருவாக்கிய நினைவுப்பொருள்தான் உங்கள் கையில் இருக்கிறது.

லூப் வழியாக விளிம்பை ஒரு முழுச்சுற்று பாருங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராகவும் ஓரங்கள் கூர்மையாகவும் இருந்தால் நல்லது. பட்டையின் நடுவே மயிரிழை போல ஒரு கோடு சுற்றி ஓடினால் அது வார்ப்பு நாணயம், இரு பாதிகளை ஒட்டிய தடம். அந்தக் கோட்டை அரத்தால் ராவியிருந்தால் அந்த இடத்தில் எழுத்து மழுங்கி, இணையான கீறல்கள் தெரியும்.

எடையும் அடர்த்தியும்

1886க்குப் பிந்தைய ரூபிள் புழங்காதிருந்தால் 19.9 முதல் 20.0 கிராமுக்குள் நிற்கும். நன்றாகத் தேய்ந்தது 19.7 வரை இறங்கலாம். 19.5க்குக் கீழே போனால், முகமும் அதற்கேற்ற அளவு தேய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கூர்மையான படமும் குறைந்த எடையும் ஒன்றாக வருவது சந்தேகத்துக்கு இடமான சேர்க்கை. விட்டம் 33.65 மி.மீ. அலெக்சாந்தர் காலத்து 1859–1885 ரூபிள்கள் அதைவிட அகலம், 35.5 மி.மீ.

அடர்த்தி பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். நாணயத்தை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

எடுத்துக்காட்டாக, உலர் எடை 19.97, தண்ணீரில் 1.94 என்றால் விடை 10.29. தரம் 900 வெள்ளிக்கு வர வேண்டியது 10.3 சுமார், 868க்கு 10.26 சுமார். அளவில் அச்சு அசலாக இருக்கும் செம்பு-நிக்கல் போலி 17 கிராம் சொச்சம்தான் இருக்கும், அடர்த்தி 8.9ஐ ஒட்டி வரும். விடை 10.2க்குக் கீழே வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாமல் நாணயத்தில் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துகளின் இடுக்கில் 0.02 மி.லி. காற்று தங்கினாலே 10.29 என்பது 10.19 ஆகிவிடும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்தால் குமிழ் தங்காது. நூல் தடித்ததாக இருந்தாலும் கணக்கு பிசகும்.

காந்தம் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாமல் போவதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது, செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. சுண்டிப்பார்த்து ஓசை கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கைதவறி விழுந்தால் ஓரத்தில் விழும் ஒரு பள்ளமே விலையில் பாதியைத் தின்றுவிடும். உரைகல்லில் தேய்ப்பதும் அப்படித்தான். நகைக்குச் சரி, நாணயத்துக்குக் கேடு.

நல்ல வெள்ளியிலேயே அடித்த போலிகளும் உண்டு என்பதால், மேற்சொன்னவை எல்லாம் மலிவுப் போலிகளை மட்டுமே கழித்துக்கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நினைவு நாணயம் என்று கண்டுபிடிப்பது

பேரரசுக் காலத்து நினைவு ரூபிள்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. எல்லாமே பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலையின் வேலை. ஆண்டு எண் நாம் எழுதும் அதே இலக்கத்தில் இருப்பதால் மொழி தெரியாவிட்டாலும் ஆண்டையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

1834இல் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைச் சதுக்கத்தின் அலெக்சாந்தர் தூண், 1839இல் பரோதினோ போர்க்களத்து நினைவுச்சின்னம். இவ்விரண்டின் அச்சுகளையும் வெட்டியவர் கூபே. 1836இல் வந்தது 'குடும்ப ரூபிள்' என்று அழைக்கப்படும் ஒன்றரை ரூபிள்: ஒருபுறம் முதலாம் நிக்கலாய், மறுபுறம் பேரரசியைச் சுற்றி ஏழு குழந்தைகள், செதுக்கியவர் பாவெல் ஊத்கின். மதிப்பில் போலந்தின் 10 ஸ்லோட்டிக்குச் சமம். 1841இல் பட்டத்து இளவரசரின் திருமணம். 1859இல் குதிரைமேல் முதலாம் நிக்கலாய் சிலை, சுமார் 50,000 அடிக்கப்பட்டது.

பிறகு இரண்டு முடிசூட்டு ரூபிள்கள்: 1883இல் மூன்றாம் அலெக்சாந்தருக்குச் சுமார் 2,79,000, 1896இல் இரண்டாம் நிக்கலாய்க்குச் சுமார் 1,90,000. இரண்டிலும் முன்புறம் அரசர் முகம், பின்புறம் முடிசூட்டு விழாவின் அரச சின்னங்கள். 1898இல் மாஸ்கோ கிரெம்ளினில் எழுப்பிய இரண்டாம் அலெக்சாந்தர் நினைவிடம். சேகரிப்பாளர்கள் இதை 'த்வோரிக்' (சிறு முற்றம்) என்பார்கள், வெறும் 5,000தான். 1912இல் இரண்டு: நெப்போலியனை விரட்டிய 1812 போரின் நூற்றாண்டு (சுமார் 46,000), மூன்றாம் அலெக்சாந்தர் அரியணையில் வீற்றிருக்கும் 'த்ரோன்' (2,100).

1913இல் வந்தது ரொமானோஃப் வம்சத்தின் 300 ஆண்டு ரூபிள். ஒரே பக்கத்தில் இருவர் முகம்: முன்னே சீருடையில் இரண்டாம் நிக்கலாய், அவருக்குப் பின்னே மணோமாக் குல்லாயுடன் (ரோமம் வைத்த பழைய ரஷ்ய அரச முடி) முதல் ரொமானோஃபான மிகாயில். 1613, 1913 என இரு ஆண்டுகள் இருக்கும். கிட்டத்தட்ட 15 லட்சம் அடிக்கப்பட்டதால் இன்று ஒருவர் கையில் வரும் ரஷ்ய நினைவு ரூபிள் பெரும்பாலும் இதுவே. போலியும் இதில்தான் அதிகம்.

1914இன் கங்குத் கடற்போர் இருநூற்றாண்டு ரூபிள் தனி விஷயம். முன்புறம் முதலாம் பீட்டர், பின்புறம் நான்கு கடல்களின் வரைபடங்களை அலகுகளிலும் கால்களிலும் பற்றிய இருதலைக் கழுகு. உலகப்போர் மூண்டுவிட்டதால் முறையாக வெளியே வரவில்லை. 1927இல் லெனின்கிராத் நாணயச்சாலை அசல் அச்சுகளைக்கொண்டே சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்தது. 1914இல் அடித்ததா, 1927இல் அடித்ததா என்பதை வீட்டு மேசையில் வைத்து முடிவுசெய்ய முயலாதீர்கள். விலை வித்தியாசம் பெரிது என்பதால் அதை நிபுணர் சான்றுக்கே விட்டுவிட வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று. 1912க்கும் 1913க்கும் வெண்கலப் பதக்கங்களும் பெருமளவில் வழங்கப்பட்டன. 1912 பதக்கத்தில் 'புகழ்மிக்க அந்த ஆண்டு கடந்தது, அதில் நிகழ்ந்த வீரச்செயல்கள் கடந்துபோகா' என்ற, ரூபிளில் உள்ள அதே வாசகம். 1913 பதக்கத்தில் ரூபிளில் உள்ள அதே இரு அரசர்கள். பதக்கத்தின் விட்டம் 28 மி.மீ., ரூபிளைவிடச் சிறியது. மேலே வளையம் இருக்கும், அல்லது அறுத்த தடம் இருக்கும். விளிம்பில் ஸொலத்னிக் வாசகம் இருக்காது. வளையம் போன பதக்கத்துக்கு வெள்ளி முலாம் பூசி ரூபிள் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

'நவதேல்' என்ற சொல்லும் காதில் விழும். நாணயச்சாலையே பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சிலோ புதிதாக வெட்டிய அச்சிலோ அடித்துக்கொடுத்த பழைய நாணயங்கள் அவை. 1890வாக்கில் இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. நவதேல் போலியல்ல, சில அசலைவிட அரிதானவையும்கூட. ஆனால் பட்டியலில் அதற்குத் தனி எண், தனி விலை.

நேர்மையாகவே செய்யப்பட்ட நகலும் ஏமாற்றும். 1902ஆம் ஆண்டின் 37 ரூபிள் 50 கோபெக் (100 ஃபிராங்க்) தங்கக் காசுக்கு 1991இல் செம்பு-நிக்கலில் நினைவுப்பொருள் நகல் வெளியானது. அதில் ஆங்கில பி (P) போன்ற சிறிய எழுத்து ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு முலாம் பூசினால் பார்வைக்குத் தங்கம்தான், தராசுக்கு அல்ல.

முகத்தைப் பார்க்கும் நேரம்

நம்பகமான ஏல நிறுவனம் ஒன்றின் பழைய விற்பனைப் படத்தை, அதே ஆண்டு, அதே வகை, பெரிதாகத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப்படத்தையும் ஒப்பிட முயன்றால் கண் ஏமாறும். நான்கைந்து இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டின் கடைசி இலக்கம் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, கழுகின் இறகுகள் எத்தனை, எழுத்துகளின் கால்முனை கூர்மையா உருண்டையா, முடிக்கற்றைகள் தனித்தனியாகப் பிரிகின்றனவா.

வார்ப்பில் தளம் முழுக்க ஊசிமுனை போன்ற குழிகள் தெரியும். அசலில் பள்ளமாக விழுந்த கீறல், அதிலிருந்து எடுத்த போலியிலும் அப்படியே இருக்கும், ஆனால் ஓரம் மழுங்கி. இரண்டு வெவ்வேறு விற்பனையாளர்களின் படங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் பள்ளம் இருந்தால் இரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. காலத்தில் அடிபட்ட காயம் எந்த இரு நாணயத்திலும் ஒன்றுபோல அமையாது.

தரம் பிரிப்பதில் 1913 ரூபிள் பலரைத் தடுக்கி விழவைக்கும். இதில் புடைப்பான அச்சு, தட்டையான அச்சு என்று இரு வகை. தட்டையான வகையில் நிக்கலாயின் காதருகே உள்ள முடியும் மிகாயிலின் குல்லாய் ரோமமும் புதிதாக அச்சிலிருந்து விழும்போதே மங்கலாகத்தான் இருந்தன. அதைத் தேய்மானம் என்று எண்ணி மலிவாக விற்பவரும் உண்டு, தேய்ந்த புடைப்பு வகையை "தட்டை அச்சு" என்று சொல்லித் தலையில் கட்டுபவரும் உண்டு. வேறுபாடு ஒளியில் தெரியும். நாணயத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சின் மினுக்கம் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள்போலத் தளத்தின்மேல் ஓடும். மேடான கன்னத்தின்மேலும் அந்த ஓட்டம் அறுபடாமல் போனால் அங்கே தேய்மானம் இல்லை, அச்சே தட்டை. கன்னத்தில் மட்டும் சாம்பல் திட்டாக ஒளி நின்றுபோனால் அது புழங்கித் தேய்ந்தது.

விலையைக் குறைக்கும் ஊறுகளில் முதலிடம் துடைத்தலுக்கு. துலக்கிய பித்தளைச் செம்புபோல ஒரே மட்டமாகப் பளபளக்கும் நூறாண்டுக் காசு யாரோ தேய்த்தது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அடுத்தது, பதக்கமாகவோ புரோச்சாகவோ அணிந்திருந்த தடம். விளிம்பில் 12 மணி இடத்தில் எழுத்துகள் நிரம்பி மழுங்கியிருந்தால், அல்லது பின்புறத் தளத்தில் எதிரெதிராக இரு மங்கல் வட்டங்கள் இருந்தால், பற்றவைத்து எடுத்ததன் அடையாளம் அது. துளையை அடைத்திருந்தால் அந்த இடத்தின் நிறம் சற்று வேறுபடும், எழுத்து செதுக்கியது போல நேர்கோடாக இருக்கும்.

கருமை படிந்திருக்கிறதே என்று நீங்கள் துடைக்க வேண்டாம். பற்பசை, சோடா, வெள்ளி டிப் (முக்கியெடுத்துத் துலக்கும் திரவம்) எதுவும் கூடாது. பிளாஸ்டிக் உறையிலிருந்து பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கியில் அல்ல) சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் காற்றில் உலரவிடலாம். காற்றோட்டமும் நெருப்பில்லாத இடமும் முக்கியம்.

விலை

அடிமட்ட விலை எளிது: 18 கிராம் தூய வெள்ளியின் அன்றைய மதிப்பு. உருக்கினாலும் கிடைப்பது அது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் அரிது, நிலை, தேவை மூன்றும் சேர்ந்து தீர்மானிப்பவை. அடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடுவது தவறான கணக்கு. எத்தனை உருக்கப்பட்டன என்பதுதான் பாதிக் கதை.

வகையை உறுதிசெய்ததும் பட்டியல் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஏலக் குறிப்புகளில் 'பிட்கின்' (ரஷ்ய நாணயப் பட்டியல் நூல்) எண் அதிகம் வரும். அதில் ஆர் முதல் ஆர்4 வரை அரிய நிலைக்குக் குறி உண்டு. அந்த எண்ணை வைத்து விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். கேட்கும் விலை கணக்கில் சேராது. யாரும் எதையும் கேட்கலாம். உங்கள் நாணயத்தின் அதே வகை, அதே நிலையில், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்ற ஐந்தாறு முடிவுகளை எடுத்து, உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பாருங்கள். ரஷ்ய ஏலத்தில் ரூபிளில் விற்றதாக இருந்தால் விற்ற நாளின் மாற்று விகிதத்தில் மாற்றுங்கள், இன்றைய விகிதத்தில் அல்ல.

சுத்தியல் விலை (ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலை) வேறு, வாங்குபவர் கட்டிய தொகை வேறு. ஏல நிறுவனம் வாங்குபவரிடமிருந்து சுமார் 20 சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம், விற்பவரிடமும் கழிவு உண்டு. ஒரு தளம் கூடுதலைச் சேர்த்துப் போடும், இன்னொன்று சேர்க்காது. அதைப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். வணிகர் உங்களிடம் வாங்கும்போது இதிலிருந்தும் குறைத்துத்தான் கொடுப்பார். அவருக்கும் பிழைப்பு வேண்டும்.

நிலை ஒரு படி மாறினால் விலை எப்படி மாறும் என்பது வகையைப் பொறுத்தது. 1913 ரூபிள் எங்கும் கிடைப்பதால் புழங்கியதற்கும் புழங்காததற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். நடுத்தர நிலையில் அது பெரிய பொக்கிஷமல்ல. 1898இன் முற்றமும் 1912இன் அரியணையும் அப்படியல்ல, தேய்ந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலரில் பேசப்படும். துடைத்தது, வளையம் நீக்கியது, துளை அடைத்தது என்றால் நல்ல நிலையின் விலையை எடுத்துவைத்துக் கழிக்காதீர்கள். அதே ஊறுடன் விற்றவற்றையே தனியாகத் தேடி ஒப்பிடுங்கள்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவது எப்போது தகும்? சான்றுக் கட்டணமும் அஞ்சல் காப்பீடும் சேர்ந்து நாணயத்தின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தகாது. கங்குத், குடும்ப ரூபிள், முற்றம், அரியணை ஆகியவற்றைச் சான்று இல்லாமல் வாங்கவே வேண்டாம். சான்றுப் பெட்டிகளிலும் போலி உண்டு. பெட்டியின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்திலுள்ள கீறல்களையும் கறைகளையும் கையிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்து கறை வேறாக இருந்தால் பெட்டி போலி.

ரஷ்யாவிலிருந்து நேரடியாக வாங்கும்போது இன்னொன்று. நூறாண்டைத் தாண்டிய நாணயங்கள் அங்கே கலாச்சாரச் சொத்து விதிகளுக்குள் வரும், வெளியே அனுப்ப அனுமதி தேவைப்படலாம். பணம் அனுப்பும் முன்பே விற்பவரிடம் ஆவணத்தின் படத்தைக் கேளுங்கள். கூடவே விளிம்பின் படத்தையும் கேளுங்கள், எழுத்துகள் படிக்கும்படியாக, முழுச்சுற்றுக்கும் நான்கைந்து படங்கள். முகத்தைப் பத்துக் கோணத்தில் படமெடுத்து அனுப்பிவிட்டு விளிம்புக்கு மட்டும் சாக்குச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.